முதலாமிடத்துக்கு ஒரு சத்தியக் கடதாசி

எங்கள் பக்கத்தில் ஒருவர் பிறந்திருக்கிறார் என்பதற்கு அவர் கண்முன்னே நிற்பது ஆதாரமாகாது. யுத்தத்தின் கடைசி இடப்பெயர்வில் பிறப்புப் பத்திரம், விவாகப் பதிவு, காணி உறுதி, பள்ளிக்கூடச் சான்றிதழ் எல்லாம் வழிநெடுக விழுந்துபோயின. திரும்பி வந்த பிறகு அவற்றையெல்லாம் சத்தியக் கடதாசியால்தான் மறுபடி உண்டாக்கினோம். நான் ஓய்வுபெற்ற நிர்வாக உத்தியோகத்தர். அதோடு சத்தியக் கடதாசிகளுக்கு ஒப்பம் வைக்கும் சமாதான நீதவான். என் மேசைக்கு முன்னால் நின்று சத்தியம் செய்து பிறந்தவர்களும் கலியாணம் கட்டியவர்களும் முள்ளியவளையில் நிறையப் பேர். ஒருவர் தன் மாடு தன்னுடையதுதான் என்று சத்தியம் செய்தார். மாட்டையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். சட்டப்படி அது தேவையில்லை.

ஆனால் ஒரு பாட்டு றேடியோவில் முதலாமிடத்துக்கு வந்தது என்பதற்குச் சத்தியக் கடதாசி கேட்டு இந்த வருஷம்தான் ஒருவர் வந்தார்.

வந்தவர் எனக்கு மூன்று வயது மூத்த ஓர் அக்கா. சொந்தமில்லை, ஒரே ஒழுங்கை வீடுகளில் வளர்ந்தோம். கலியாணம் முடித்து வவுனியாவுக்குப் போனவர், கணவர் காலமான பிறகு பழைய வளவுக்கே வந்துவிட்டார். காலையில் ஓட்டோவில் வந்து இறங்கி, கதிரையில் இருக்க முன்னரே தொடங்கினார்.

“தம்பி, என்ர பாட்டை நாட்டார் பாட்டு எண்டு போட்டுட்டாங்கள்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையில் கொண்டுவந்த பிளாஸ்டிக் கோப்பைத் திறந்து ஒரு தாளைக் காட்டினார். பிரதேச செயலகம் எங்கள் பகுதிக் கலைஞர்களையும் பாடல்களையும் தொகுத்து ஒரு புத்தகம் போடுகிறது. அச்சுக்குப் போகும் பக்கங்களில் ஒன்றின் பிரதி அது. ‘சிறுவர் நாட்டார் பாடல்கள்’ என்ற தலைப்பின் கீழ் மூன்றாவதாக அக்காவின் பாட்டு இருந்தது. அதன் அடியில், ஆசிரியர் பெயர் தெரியவில்லை என்று போட்டிருந்தார்கள்.

அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். ஐம்பது வருஷத்துக்கு முன்னர், தமிழில் பொப் பாட்டு என்று ஒன்று புறப்பட்டு, கிற்றாரும் பொங்கோவும் பைலாத் தாளமுமாக எங்கள் றேடியோக்களைப் பிடித்துக்கொண்ட காலம். தென்னிந்தியச் சினிமாப் பாட்டை மட்டுமே பாட்டென்று நினைத்திருந்த சனம், எங்கள் ஊர்ப் பேச்சிலேயே, எங்கள் சந்தியையும் மாம்பழத்தையும் பற்றியே ஒருவர் பாடலாம் என்று கண்டு கொஞ்சம் நிலைதடுமாறிப்போயிருந்தது. பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் தேவாரத்துக்கும் நாடகத்துக்கும் நடுவில் பொப் பாட்டு என்று நிகழ்ச்சி நிரலில் போட்டார்கள். பெரியவர்கள் அந்த நேரம் பார்த்து வெளியே வெற்றிலை போடப் போனார்கள். ஆனால் காது கேட்கும் தூரத்தில்தான் நின்றார்கள்.

அக்கா தானே ஒரு பாட்டுக் கட்டினார். ஒட்டுசுட்டான் பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு பெட்டை குடையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுகிறாள். கொண்டக்டர் அவளைப் பார்த்துவிட்டும் இரண்டு மணி அடிக்கிறான். ஒரு மணி அடித்தால் பஸ் நிற்கும், இரண்டு அடித்தால் போகும். பல்லவி முடிகிற இடத்தில் அந்த இரண்டு மணியும் வரும். கொழும்பிலிருந்த அத்தான் ஒருவர் ஏற்பாடு செய்ய, அக்கா குரல் தேர்வுக்குப் போய், தெரிவாகி, வானொலி நிலையத்து வாத்தியக்காரருடன் பாடி ஒலிப்பதிவு செய்துவிட்டு வந்தார். ஊரில் அது பெரிய கதை. அவருடைய தகப்பனார் அதை ஒருவரிடமும் சொல்லவேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

பிறகு அந்தப் பாட்டு எங்கும் போயிற்று. மணி அடிக்கும் இடத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்கள். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளும் தட்டினார்கள். இடையில் வரி மாறியது, குடை சைக்கிளானது, பெட்டை பெடியனானாள். பாடியவரின் பெயர் எங்கேயோ இறங்கிவிட்டது. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதைத்தான் புத்தகம் போடுகிறவர்கள் எடுத்து நாட்டார் பாடல் ஆக்கிவிட்டார்கள்.

“நான் போய்க் கேட்டனான்,” என்றார் அக்கா. “நாட்டார் பாட்டிலை எங்கையாவது பஸ் வருமோ எண்டு. அந்தப் பிள்ளை சொல்லுது, ஏன் அம்மா, பஸ் வந்தும் எவ்வளவு காலம், நாட்டார் பஸ்ஸிலை ஏறமாட்டினமோ எண்டு.”

அந்தப் பிள்ளை என்பது கலாசார உத்தியோகத்தர். கெட்டிக்காரி. நான் பதவியில் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அவர் அக்காவுக்கு ஒரு வழியும் காட்டியிருந்தார்: பாட்டு இவருடையதுதான் என்பதற்கு ஒலிபரப்பு ஆதாரம் ஏதாவது வேண்டும், இல்லாவிட்டால் இவருடைய சத்தியக் கடதாசியும், அந்த நாளில் தம் காதால் கேட்ட ஒருவரின் சத்தியக் கடதாசியும். வெள்ளிக்கிழமை பக்கங்கள் அச்சகத்துக்குப் போகின்றன. அதற்குப் பிறகு வந்தால் அடுத்த பதிப்பில் பார்க்கலாம். அடுத்த பதிப்பு என்றால் என்னவென்று அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வானொலி நிலையம் அனுப்பிய கடிதமும், ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று எடுத்த படமும் ஒரு றங்குப் பெட்டியில் இருந்தன. இடப்பெயர்வில் அந்தப் பெட்டி புதுக்குடியிருப்பைத் தாண்டவில்லை. கொழும்புக்கு எழுதிக் கேட்கலாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராது. முப்பத்தைந்து வருஷம் அப்படி வராத பதில்களை எழுதியவன் நான்.

“பிரச்சினையில்லை அக்கா,” என்றேன். “நீங்கள் எழுதிக் கொண்டுவாங்கோ, நான் முடிச்சுத் தாறன். எனக்கு முன்னாலை கையெழுத்து வைச்சியள் எண்டுதான் நான் ஒப்பம் வைக்கிறது. உள்ளுக்குக் கிடக்கிறது உண்மையோ பொய்யோ எண்டது என்ர வேலையில்லை.”

“நீர் முடிக்கிறதுக்கு வரேல்லைத் தம்பி. நீர்தான் சத்தியம் பண்ண வேணும். காதாலை கேட்ட ஆள் நீர்தானே.”

அவர் ஏற்கெனவே நிரப்பியிருந்த தன் சத்தியக் கடதாசிப் படிவத்தை நீட்டினார். ஒலிபரப்பு விபரம் என்ற கட்டத்துக்குள் பெரிய எழுத்தில், வாராந்தப் பாடல் வரிசையில் முதலாமிடம், இரண்டு வாரங்கள், என்று இருந்தது. என் சத்தியக் கடதாசியும் அதையே சொல்லவேண்டும்.

“ஒலிபரப்பானது எண்டு மட்டும் போட்டாக் காணுமே அக்கா?”

“ஏன்? முதலாவதா வந்ததுதானே? ஊரே போட்டுத்தானே வந்தது? அதைப் போடாம வேறை எதைப் போடுறது?”

நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி அவரை அனுப்பினேன். யோசிக்க நேரம் வேண்டும் என்று ஒரு சமாதான நீதவான் சொன்னால், அவர் சட்டத்தை யோசிக்கிறார் என்று சனம் நினைக்கும். நான் தபாலட்டைகளை யோசித்தேன்.

அந்த வரிசை எப்படி உண்டானது என்றால், நேயர்கள் தங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டின் பெயரை ஒரு தபாலட்டையில் எழுதிக் கொழும்புக்கு அனுப்பவேண்டும். ஒரு ஆளுக்குக் கிழமைக்கு ஒரு அட்டை. எந்தப் பாட்டுக்கு அட்டை கூடவோ அது முதலாமிடம். ஞாயிற்றுக்கிழமை பத்தாவது பாட்டிலிருந்து தொடங்கி ஒன்றாவதுக்கு ஏறுவார்கள். இடையிடையே அட்டை போட்டவர்களின் பெயரையும் ஊரையும் அறிவிப்பாளர் வாசிப்பார். உண்மையில் பாதிப் பேர் அட்டை போட்டதே அதற்குத்தான்.

அக்காவின் பாட்டு பத்தாமிடத்தில் நுழைந்தது. அடுத்த திங்கட்கிழமையே நான் ஒரு வானொலி நேயர் மன்றம் தொடங்கினேன். தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்றும் நானே. கூட்டத்துக்கு ஆள் போதுமா என்ற நிறைவெண் பிரச்சினை எழவில்லை. எனக்கு அப்போது இருபத்தொரு வயது. முல்லைத்தீவில் காரியாதிகாரி கந்தோரில் அரசாங்க எழுதுவினைஞராகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கந்தோரில் எங்கள் ஊர் வாக்காளர் இடாப்பு என் அலுமாரிக்குள்தான் இருந்தது.

மிச்சம் விளங்கியிருக்கும். இடாப்பில் முதலாவது வீட்டிலிருந்து தொடங்கி வரிசைக்கிரமமாக ஒவ்வொரு ஆளின் பேரிலும் ஒரு அட்டை எழுதினேன். நூற்றுச் சொச்சம் வரும். களவு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஊரில் எல்லோரும் அந்தப் பாட்டைத்தான் பாடிக்கொண்டு திரிந்தார்கள். எழுதப் பஞ்சிப்பட்டவர்களுக்கு நான் எழுதிக் கொடுத்தேன். அரசாங்க வேலையே அதுதான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

பிழை அதில் இல்லை. ஒரு வருஷமாகக் கந்தோர்க் கடிதம் மட்டும் எழுதிய கை அது. ஒவ்வொரு அட்டையின் இடது மூலையிலும் ‘எனது இல.’ என்று ஒரு இலக்கம் போட்டேன். ஒன்றிலிருந்து நூற்றுச் சொச்சம் வரை, தவறாமல். நடுவில் ‘பொருள்: பாடல் தெரிவு’ என்று எழுதிக் கோடு இழுத்தேன். மேற்படி பாடலைத் தங்கள் மேலான கவனத்துக்குச் சமர்ப்பிக்கின்றேன் என்று எழுதி, இங்ஙனம் தங்கள் பணிவுள்ள, என்று முடித்து, இடாப்புப் பெயரைப் போட்டேன். ஒரு கோழிக்கடைக்காரர், இரண்டு விதவைகள், ஒரு பூசகர் எல்லோரும் ஒரே கையெழுத்தில், ஒரே பணிவுடன், பஸ் மணி அடிக்கும் பொப் பாட்டு ஒன்றைக் கேட்டுக் கொழும்புக்கு விண்ணப்பித்தார்கள். கட்டின் மேல் அட்டையில் ‘பிரதி: கோப்புக்கு’ என்று எழுதிய பிறகுதான் நிறுத்தினேன்.

ஒரு ஞாயிறு, அறிவிப்பாளர் எங்கள் ஊர்ப் பெயர்கள் சிலவற்றை வாசித்தார். வாசிக்கும்போது சிரித்தார் என்று எனக்கு ஞாபகம். முள்ளியவளை நேயர்கள் எல்லோரும் வரிசையில் நின்று எழுதியிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று சொன்னார். சொன்னாரா, அல்லது கந்தோரில் என் கூட்டாளிகள் பிறகு பகிடிக்குச் சேர்த்துக்கொண்டார்களா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. ஆனால் வாசித்த பெயர்களில் ஒன்று செத்துப்போனவருடையது என்பதில் சந்தேகமில்லை. ஏனென்றால் மறுநாள் அவருடைய மனைவி கந்தோருக்கு வந்தார்.

“தம்பி, என்ர மனிசன் போய் ரெண்டு வரியம். நேத்து றேடியோவிலை பேர் சொன்னவங்கள். பாட்டுக் கேட்டு எழுதினவராம்.”

செத்தவர்களை இடாப்பிலிருந்து வெட்டுவதற்கு ஆண்டுதோறும் மீளாய்வு உண்டு. அந்த மீளாய்வைச் செய்யாமல் வைத்திருந்த எழுதுவினைஞர் வேறு யாருமில்லை. நான் அந்த மனுசியைப் பார்த்து, கொஞ்சமும் கூசாமல், “தபாலிலை பிந்தியிருக்கும் அம்மா,” என்றேன்.

“பிந்தினாலும் பரவாயில்லை,” என்றார். “பேரை வடிவாச் சொன்னவங்கள்.” போய்விட்டார்.

இவ்வளவும் ஞாபகம் இருக்கிறது. அந்த ஞாயிறு பாட்டு எத்தனையாவது இடத்தில் நின்றது என்பதுதான் ஞாபகம் இல்லை.

இதுதான் என் சிக்கல். என் அட்டைகள் போய்ச் சேர்வதற்கு முன்னமே பாட்டு முதலாமிடத்துக்கு வந்திருந்தால், அக்கா சொல்வது உண்மை. நான் தாராளமாகச் சத்தியம் செய்யலாம். அட்டைகள் போன பிறகு வந்திருந்தால், அக்காவை முதலாவதாக்கியது ஊர் அல்ல, நான். முதலாமிடத்துக்கு வரவேயில்லை என்றால், நான் அத்தனை அட்டை எழுதியும் தோற்றுப்போனேன் என்பது மட்டுமல்ல, ஐம்பது வருஷமாக அக்கா நடக்காத ஒன்றை நம்பிக்கொண்டிருக்கிறார்.

மத்தியானம் குசினிக்குள் போய், அட்டைகள் எழுதிய கதையையும் சொல்லி, பாட்டு எத்தனையாவதாக வந்தது என்று மனைவியைக் கேட்டேன். அவர் உருத்திரபுரத்துக்காரி. அந்த நாளில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர்.

“ரெண்டாவது,” என்றார், திரும்பிப் பாராமல். “முதலாவதுக்கு வரவேயில்லை.”

“உமக்கு எப்பிடித் தெரியும்?”

“நானும் அட்டை போட்டனானல்லோ. ரெண்டாவது எண்டு சொன்னோடனை அழுதுகொண்டு எழும்பிப் போனனான். அதுக்குப் பிறகு நான் அந்த நிகழ்ச்சியே கேக்கேல்லை.”

“அப்ப அடுத்த கிழமை முதலாவதா வந்திருக்கலாமெல்லோ?”

அகப்பை நின்றது. ஐம்பது வருஷமாக அந்த யோசனை அவருக்கு வரவில்லை போலிருந்தது. பிறகு திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். “அதென்ன நூற்றுச் சொச்சம் அட்டை? அவாவிலை உங்களுக்கு ஏதும் இதோ?”

“அவாவிலை இல்லை. எங்கட ஊர்ப் பேரை றேடியோவிலை கேக்கவேணும் எண்டு.”

“ஓ,” என்றார். அரசாங்கத்தில் இருந்தபோது என் மேலதிகாரிகள் யாரும் ஒரு விளக்கத்தை அவ்வளவு சுருக்கமாக நிராகரித்ததில்லை.

பின்னேரம் ஒரு நீளத் தாளை எடுத்து, விசாரணை அறிக்கைக்குப் போடுவது மாதிரிக் கட்டம் கீறினேன். அட்டைகளைத் தபாலில் போட்டது ஒரு செவ்வாய். தபால் பை பஸ்ஸில் ஒட்டுசுட்டான் வழியாக மாங்குளத்துக்குப் போய், அங்கிருந்து ரயிலில் கொழும்புக்குப் போகும். வியாழன் சேர்ந்திருக்கவேண்டும். சேர்ந்தால் அதே ஞாயிறு கணக்கில் வரும். ஆனால் அது மாரி. மாங்குளம் றோட்டில் வெள்ளம் ஏறி நாலு நாள் பஸ் ஓடவில்லை. அது அந்தக் கிழமைதானா, முந்தின வருஷமா? அந்த வெள்ளத்தில் நான் கந்தோர்க் கோப்புகளை மேசைக்கு மேல் ஏற்றியது ஞாபகம். அந்தக் கோப்புகளுக்குள் வாக்காளர் இடாப்பு இருந்ததா? இருந்தது என்று எழுதினேன். வெட்டினேன். அலுமாரியின் மேல் தட்டில் இருந்ததால் ஏற்றத் தேவையில்லை என்று எழுதினேன். அதையும் வெட்டினேன். விளக்கு வைக்கும் நேரத்தில் தாளில் மிச்சமிருந்தது மாங்குளம் என்ற சொல் மட்டும். மாங்குளம் இன்னும் இருக்கிறது, அதில் ஐயமில்லை.

எத்தனையோ விசாரணை நடத்தியிருக்கிறேன். சாட்சி பொய் சொன்னால் சமாளிக்கலாம். அக்கா முதலாவது என்கிறார், மனைவி இரண்டாவது என்கிறார், எனக்குச் சிரிப்பொலியும் ஒரு செத்த மனிதரின் பெயரும் மட்டும் கேட்கிறது. மூன்று பேரும் உண்மை பேசினோம். அப்படிப்பட்ட கோப்பை மூடுவதற்கு நிர்வாகக் கோவையில் விதி இல்லை.

வியாழக்கிழமை காலை அக்கா வீட்டுக்குப் போனேன். விறாந்தையில் இருந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பிளேன்ரீ தந்தார். நான் குடித்து முடித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். இடாப்பு, இலக்கம், பொருள், செத்தவர், எல்லாம். முதலாமிடம் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது என்றும் சொன்னேன்.

அவர் கீரையைக் கீழே வைத்தார்.

“பொருள் எண்டு போட்டோ எழுதினீர்?”

“ஓம் அக்கா.”

“கோடும் இழுத்தோ?”

“ஓம்.”

சிரித்தார். நல்லாகத்தான் சிரித்தார், இரண்டு மூன்று தரம் சிரிப்பு அடங்கித் திரும்பவும் வந்தது. நான் தப்பினேன் என்று நினைத்தேன். பிறகு சிரிப்பு நின்றது, அவர் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி முற்றத்தைப் பார்த்தார்.

“இவ்வளவு காலமும் ஊரெல்லாம் எனக்குப் போட்டதெண்டெல்லோ இருந்தனான். முகாமிலை தண்ணி லைனிலை நிக்கேக்கையும் யோசிச்சனான் தம்பி. இந்தச் சனத்திலை பாதி எனக்கு அட்டை போட்ட சனம் எண்டு. ஆரும் தள்ளினாலும் ஒண்டும் சொல்லுறேல்லை.”

“ஊர்தான் அக்கா போட்டது. நான் எழுதினது மட்டும்.”

“சும்மா இரும். உம்மட கந்தோர்க் கதையை என்னட்டைக் கதையாதையும்.”

இருந்தேன். கோழி ஒன்று வந்து கீரைத் தண்டைக் கிளறியது. அவர் துரத்தவில்லை. நான் எழும்பிப் போவதா, இன்னும் இருப்பதா என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கலாம், ஆனால் எதற்கு? அட்டை எழுதியதற்கா, இப்போது அதைச் சொன்னதற்கா? இரண்டில் எது பெரிய பிழை என்று எனக்கு இன்றைக்கும் தெளிவில்லை.

அவர்தான் கேட்டார்.

“முதல்முதல் பத்தாமிடத்திலை வந்ததே, அதுக்கும் நீரோ எழுதினது?”

“இல்லை அக்கா. அது எனக்குத் தெரியவே தெரியாது. அண்டைக்கு மாங்குளத்தாலை வந்துகொண்டிருந்தனான். ஒட்டுசுட்டானிலை பஸ் நிண்டது. தேத்தண்ணிக் கடை றேடியோவிலை திடீரெண்டு உங்கட குரல். தேத்தண்ணியைக் கையிலை ஊத்திப்போட்டன். பத்தாமிடம், புதிதாக வந்திருக்கிறது எண்டு சொன்னவங்கள். கடையிலை நிண்ட ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. ஒருத்தன் சொன்னான், இது எங்கட பஸ்ஸெல்லோ எண்டு.”

சொல்லிக்கொண்டு வரும்போதுதான் எனக்கே தெரிந்தது, இதில் ஒரு இடத்தில்கூட நான் தடுமாறவில்லை என்று.

“எங்கட ஊரிலை வேறை ஆரும் போட்டிருப்பினமோ?”

“போட்டிருக்க ஏலாது. பாட்டு எப்ப போடுவாங்கள் எண்டே இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது, முதல் தரம் போட்டதையும் ஒருத்தரும் கேக்கேல்லை. உங்கட அப்பாவுக்கும் நான் வந்து சொல்லித்தான் தெரியும்.”

“அப்ப அந்தக் கிழமை எனக்கு அட்டை போட்டது ஆர்?”

“தெரியாது அக்கா.”

“தெரியாத ஆக்கள்.”

“ஓம். தெரியாத ஆக்கள்தான்.”

அவர் எழும்பிக் கோழியைத் துரத்தினார். பிறகு உள்ளே போய், கையைக் கழுவித் துடைத்துவிட்டு, அந்தப் பிளாஸ்டிக் கோப்பையும் பேனையையும் எடுத்து வந்தார். கதிரைக் கைப்பிடியில் படிவத்தை வைத்து, முதலாமிடம் என்ற சொல்லையும் இரண்டு வாரங்களையும் ஒரே கோட்டால் வெட்டினார். மேலே, பத்தாமிடம், ஒரு வாரம், என்று எழுதினார்.

“அக்கா, அப்பிடி வெட்டத் தேவையில்லை. இடத்தைப் போடாமலே விடலாம். ஒலிபரப்பானது எண்டாலே உங்கட பேரிலை போகும்.”

“நீர் எழுதாத இடம் இது ஒண்டுதான். இதை விடச் சொல்லுறீரோ?” பேனையை என்னிடம் நீட்டினார். “வெட்டினா ஏதோ வைக்க வேணும் எண்டு சொல்லுவீரே, எங்கை வைக்கிறது?”

திருத்தம் செய்த இடத்துக்குப் பக்கத்தில் ஓரத்தில் சுருக்கொப்பம் வைக்கவேண்டும். காட்டினேன். வைத்தார். அவருடைய கடதாசியை நான் முடித்துக் கொடுத்தேன்.

என்னுடையதை நானே முடிக்க முடியாது. தண்ணீரூற்றில் கடை வைத்திருக்கும் ஹாஜியாரும் சமாதான நீதவான்தான். அவரிடம் போனேன். இந்து சமயத்தவனாகிய நான் பயபக்தியுடனும் உண்மையாகவும் நேர்மையாகவும் உறுதிப்படுத்திக் கூறுவதாவது என்று தொடங்கும் அந்த வாசகத்தை எத்தனையோ பேரைக் கொண்டு சொல்வித்திருக்கிறேன், சொன்னது அன்றைக்குத்தான். ஹாஜியார் கண்ணாடியைப் போட்டு ஒருமுறை வாசித்தார், கழற்றித் துடைத்து மறுபடி வாசித்தார்.

“என்ன ஐயா, பத்தாமிடத்துக்கும் ஆராவது சத்தியம் பண்ணுவாங்களா?”

“பண்ண வேண்டி வந்திட்டுது ஹாஜியார்.”

“முதலாமிடம் எண்டு போட்டிருந்தா நான் கேட்டே இருக்கமாட்டன்,” என்று சொல்லி முத்திரையைக் குத்தினார்.

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டையும் செயலகத்தில் கொடுத்தேன். பத்து மணிபோலக் கலாசார உத்தியோகத்தர் தொலைபேசியில் எடுத்தார்.

“ஐயா, அம்மான்ர படிவத்திலை முதலாமிடத்தை வெட்டிப் பத்தாமிடம் எண்டு கிடக்கு. பிழையா வெட்டிப்போட்டாவோ?”

“இல்லைப் பிள்ளை, சரியாத்தான். ஓரத்திலை சுருக்கொப்பம் இருக்குப் பாரும்.”

“இருக்கு. எல்லாரும் இதிலை கூட்டித்தான் போட்டுத் தாறவை ஐயா, குறைச்சுத் தந்த ஆளை இப்பத்தான் பாக்கிறன்.” தாள் புரளும் சத்தம் கேட்டது. “சரி, நாட்டார் பாட்டிலையிருந்து எடுத்துப்போட்டன். அம்மான்ர பேரோடை பொப்பிசை எண்டு தனியாப் போகுது. அந்தப் பகுதியிலை இது ஒண்டுதான் இருக்கு, பரவாயில்லையோ?”

“பரவாயில்லை.”

“இன்னொரு விஷயம் ஐயா. உங்களிட்டைத்தான் கேக்கலாம். அண்டைக்கு முதலாவதா வந்தது எந்தப் பாட்டு?”

யோசித்தேன். பத்தாவது முடியவே பஸ் மணி அடித்துவிட்டது. நான் ஓடிப்போய் ஏறினேன். ஒன்பதிலிருந்து ஒன்றுவரை அந்தக் கடையில் நின்றவர்கள் கேட்டிருப்பார்கள்.

“தெரியாது பிள்ளை,” என்றேன்.

“அதைப் பாடின ஆக்கள் ஆரும் இப்ப இருப்பினமோ?”

“இருந்தா வரட்டும். சத்தியக் கடதாசி முடிச்சுக் குடுக்கிறன்.”